தாய்மாமன் தொட்ட எண்

துரைக்கண்ணுவுக்கு ஒன்பதின் மேல் இருந்த பிரியம் கட்டிய மனைவியின் மேல் இருந்ததா என்று கேட்டால், அந்த மனைவி தங்கமணியே இல்லை என்றுதான் சொல்வாள். எந்த எண் கண்ணில் பட்டாலும் அதன் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்காமல் அவரால் அடுத்த வேலைக்குப் போக முடியாது. பஸ் டிக்கெட்டைக் கூட்டுவார், கேஸ் சிலிண்டரைக் கூட்டுவார், எதிரே வரும் மணல் லாரியைக் கூட்டுவார். ஒன்பது வந்தால் முகம் மலர்ந்துவிடும். ஏழோ எட்டோ வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி கிடையாது.

போன சம்பா அறுவடையின்போது கதிர் அறுக்கும் மெஷின் வயல் வரப்பு வரைக்கும் வந்து நின்றது. வண்டி எண்ணைக் கூட்டினார், எட்டு. வேறு வண்டி அனுப்பச் சொல்லித் திருப்பிவிட்டார். வேறு வண்டி கிடைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டு, முற்றிய கதிரெல்லாம் சேற்றில் படுத்துவிட்டது. "பாத்தியா, எட்டாம் நம்பர் வண்டி வரப்புல ஏறுனதுக்கே இந்தக் கதி. உள்ள எறங்கியிருந்தா?" என்று தங்கமணியிடம் கேட்டார். அன்றைக்கு ராத்திரி தங்கமணி அவருக்குச் சோறு போடவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கணக்கில் ஆராய்ச்சி செய்கிற மருமகள் வாய்த்ததை என்னவென்று சொல்வது! வானதி அவருடைய அக்கா பெண். தனக்குப் பிள்ளை இல்லாத குறை தெரியாமல் அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, கூட்டுத்தொகை சரியாக வர வேண்டும் என்று அவள் பெயரில் ஆங்கில எழுத்து இரண்டை அதிகமாகச் செருகிவிட்டு வந்தவரும் அவரேதான். பின்னாளில் பாஸ்போர்ட் எடுக்க அலையாய் அலைந்தபோது அந்த இரண்டு எழுத்தையும் நினைத்து வானதி பல்லைக் கடித்தாள்.

அதனால்தான் கல்யாணம் நிச்சயமானதும் முதல் வேலையாக மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"மாமா, என் கல்யாணத்துல நீங்க எந்த எண்ணையும் தொடக் கூடாது. தேதி, நேரம், பந்திக்கு எத்தனை எலை, எதையும். தொட்டீங்கன்னு தெரிஞ்சுது, மணவறைக்குப் போறப்ப நீங்க என் கையைப் புடிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போவது அவர்கள் பக்கத்தில் தாய்மாமனின் உரிமை. வானதி பிறந்த அன்றே அந்த நாளை நினைத்துச் சிரித்தவர் அவர். அதற்கென்று பட்டு வேட்டி எடுத்தாகிவிட்டது. தங்கமணியின் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்து பழகிக்கொண்டும் இருந்தார். "இப்படி இழுத்துட்டுப் போனா அவ தடுக்கி வுழுந்துருவா, மெதுவா நடங்க" என்று தங்கமணி வேறு பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தொடவே மாட்டேன் கண்ணு" என்று வானதியின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

சத்தியத்துக்குச் சோதனை ஃப்ளெக்ஸ் வடிவத்தில் வந்தது. மண்டப வாசலில் வைக்கிற ஃப்ளெக்ஸ் தாய்மாமன் செலவு. ஒரு பக்கம் தான் கும்பிட்டபடி நிற்பதாகவும், மறுபக்கம் வானதி கிரீடம் வைத்துக்கொண்டு மேகத்தில் மிதப்பதாகவும் மனத்துக்குள் வரைந்தே வைத்திருந்தார். வானதி ஒப்புக்கொள்ளவில்லை.

"போட்டோவே வேணாம் மாமா. என் எண்ணைப் போடுங்க."

"போன் நம்பரையா? கண்டவனும் பேசுவானேம்மா."

"போன் நம்பர் இல்ல. நான் ஆராய்ச்சியில கண்டுபிடிச்ச எண். இருநூறு இலக்கம். பகா எண்."

துரைக்கண்ணு விழித்தார். வானதி பொறுமையாகவே சொன்னாள். "ஏழு, பதிமூணு மாதிரி. ஒண்ணாலயும் அந்த எண்ணாலயும்தான் வகுபடும். வேற எதால வகுத்தாலும் மிச்சம் நிக்கும். சமமாப் பங்கு போடவே முடியாது."

"நம்ம பெரியப்பா வூட்டு நெலம் மாதிரி."

"அதே மாதிரிதான். அதுலயும் என்னோடது விசேஷம். இருநூறுல ஏதாச்சும் ஒரே ஒரு இலக்கத்தை மாத்துங்க. எதை வேணா, எதுவா வேணா. மாத்துன நிமிஷம் அது பகா எண்ணா இருக்காது. வாய்க்கா கரையில தொட்டாச்சிணுங்கி கெடக்குல்ல, தொட்டா சுருங்கிக்குமே, அப்படி. இந்த ஜாதியில ரொம்பச் சின்னதே ரெண்டு லட்சத்துத் தொண்ணூத்து நாலாயிரத்து ஒண்ணு. என்னோடது அதுக்குப் பக்கத்துல யானை. எங்க புரொபசர் மேடம் ஒரு வேன் ஆளோட வர்றாங்க. வாசல்லயே அவங்க இதைப் பாக்கணும்."

சொல்லிவிட்டு வாட்ஸப்பில் எண்ணை அனுப்பினாள். "அப்படியே அச்சடிக்கணும் மாமா. அப்படியே" என்று இரண்டு தடவை சொன்னாள்.

திருவையாற்றில் இப்ராஹிமின் ஃப்ளெக்ஸ் கடை. கடைத்தெருவில் யார் பிறந்தாலும், காது குத்தினாலும், கவுன்சிலர் ஆனாலும் இப்ராஹிம் கைபடாமல் நடக்காது. அவர் எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வரிக்கு இருபதாகப் பத்து வரி போட்டு, ரோஜாப்பூ பார்டர் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த துரைக்கண்ணுவின் விரல்கள் தாமாகவே மேஜை மேல் இருந்த கால்குலேட்டருக்குப் போயின. கூட்டிப் பார்ப்பது தொடுவதாகுமா? ஆகாது என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

தொள்ளாயிரத்து ஏழு வந்தது. அதைக் கூட்டினால் பதினாறு. அதையும் கூட்டினால் ஏழு.

"பாய், ஏழு! ஏழுன்னா கேது!"

"கேதுவா, எங்க?" என்று இப்ராஹிம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"கல்யாண வாசல்ல கேதுவைக் கொண்டாந்து நிறுத்தச் சொல்லுது பாய் இந்தப் பொண்ணு. கேது வந்தா சம்சாரம் ஒட்டுமா? மாப்பிள்ளை ஒரு பக்கம், இது ஒரு பக்கம்னு ஆயிடாதா?"

சிரிக்கத் தோன்றும்தான். ஆனால் அவருக்கு உண்மையாகவே பயம். டீ வாங்கி வரச் சொல்லிக் குடித்தார், பாதியில் வைத்தார், எழுந்து ரோட்டுக்குப் போனார், திரும்பி வந்தார். தன் ஆசைக்காக என்றால் சத்தியத்தை மீறியிருக்க மாட்டார். அந்தப் பெண் நன்றாக வாழ வேண்டும் என்பதற்காகத்தான் மீறத் துணிந்தார்.

"பாய், நடுவுல எங்கியாச்சும் ஒரு மூணு இருக்கும். அதை அஞ்சாக்கிடுங்க. கூட்டுனா தொள்ளாயிரத்து ஒம்பது. பதினெட்டு. ஒம்போது! தீந்துச்சு."

"அண்ணே, அப்படியே போடணும்னு பொண்ணு சொல்லிச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. படிச்ச புள்ள. எனக்கு எதுக்கு வம்பு?"

"இருநூறுல ஒண்ணு யாருக்குத் தெரியப் போவுது? தாய்மாமன் நான் சொல்றேன், மாத்துங்க."

இப்ராஹிம் பெருமூச்சு விட்டார். கண்ணில் பட்ட ஒரு மூன்றைத் தட்டிவிட்டு ஐந்தை வைத்தார்.

கல்யாணத்தன்று காலை மண்டப வாசலில் இரண்டு ஃப்ளெக்ஸ் நின்றன. மாப்பிள்ளை பிரபு சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன். அவனுடைய நண்பர்கள் அவனைச் சிங்கத்தின் மேல் ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் ரோஜாப்பூ பார்டருக்குள் வெறும் எண். சிங்கத்தை யாரும் சீந்தவில்லை, கூட்டமெல்லாம் எண்ணுக்கு முன்னால்தான். லாட்டரி என்றார் ஒருவர். மொய்யைப் போனிலேயே அனுப்புவதற்கான கணக்கு எண் என்றார் இன்னொருவர். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் முதல் பத்து இலக்கத்தை அழுத்திப் போன் போட்டே பார்த்துவிட்டார். யாரோ இந்தியில் திட்டினார்கள்.

பட்டு வேட்டி சரசரக்க துரைக்கண்ணு வாசலிலேயே நின்றார். வேனிலிருந்து புரொபசர் ஜெயபாரதி இறங்கினார். கூடவே கண்ணாடி போட்ட ஆராய்ச்சி மாணவர்கள் ஐந்து பேர். காபி டம்ளரோடு எல்லாரும் ஃப்ளெக்ஸைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஜெயபாரதியின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதைப் பார்த்ததும் நம்மாள் வாய் சும்மா இருக்குமா?

"நான் பொண்ணுக்குத் தாய்மாமன் மேடம். இது ரொம்ப ராசியான எண். கூட்டிப் பாருங்க, தொள்ளாயிரத்து ஒம்பது வரும். அதைக் கூட்டுனா ஒம்போது. சுத்தமான ஒம்போது!"

ஜெயபாரதி வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் பாதியில் நின்றது. "ஒம்போதா?"

"ஒம்போதேதான்."

"இருக்காதுங்க. ஒம்பது வந்தா அந்த எண் ஒம்பதால வகுபட்டுடும்."

"வகுபட்டா நல்லதுதானே மேடம், சண்டை சச்சரவு இல்லாம."

ஜெயபாரதி ஃப்ளெக்ஸுக்கு இன்னும் கிட்டே போனார். மாணவர்களுக்கு ஆளுக்கு இரண்டு வரி பிரித்துக் கொடுத்தார். அவர்கள் உதட்டை அசைத்துக் கூட்டினார்கள். தொள்ளாயிரத்து ஒன்பதேதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அச்சடிக்கிறப்ப ஏதாவது மாறிப்போச்சா சார்?" என்று ஜெயபாரதி கேட்டார்.

அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதையே இல்லை. ஆனால் கைபிடிக்கும் உரிமை துரைக்கண்ணுவின் கண் முன்னால் வந்து நின்றது. "சேச்சே. வானதி குடுத்தது அப்படியே இருக்கு. ஒரு புள்ளி மாறல" என்றார்.

ஜெயபாரதி டம்ளரைக் கீழே வைத்தார். மாணவர்களைத் தனியே அழைத்துத் தணிந்த குரலில் பேசினார். துரைக்கண்ணு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். "நேத்துதான் அவ ஆய்வேட்டுல கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். முக்கியமான எண்ணே தப்புன்னா மொத்தமும் போச்சு. சரிபாக்க ஆய்வேடும் இப்ப கையில இல்ல. பத்து மணிக்கு யுனிவர்சிட்டி ஆபீஸ் திறந்ததும் போன் பண்ணி நிறுத்தச் சொல்லிடறேன். பாவம், இன்னிக்கு அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க."

துரைக்கண்ணு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் வானதியின் கை போச்சு. சொல்லாவிட்டால் வானதியின் படிப்பு போச்சு. நேராகப் பந்திக்கு ஓடினார். இப்ராஹிம் தன் மனைவி ரசியா பேகத்தோடு உட்கார்ந்து பொங்கலில் நெய் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். துரைக்கண்ணு அவர் காதில் எல்லாவற்றையும் கொட்டினார்.

"இவ்வளவுதானா? என் மேல போடுங்கண்ணே. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் தப்பா அடிப்பான்னு ஊருக்கே தெரியும். போன வாரம் உயிரோட இருக்கறவருக்கே கண்ணீர் அஞ்சலி அடிச்சுட்டேன்" என்று இப்ராஹிம் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஜெயபாரதிக்கு முன்னால் நிறுத்தி, "இவருதான் மேடம், அடிக்கிறப்ப ஒரு இலக்கத்தை மாத்திப்புட்டாராம்" என்று துரைக்கண்ணு சொன்னபோது காரியம் முடிந்தது போலத்தான் இருந்தது. ஜெயபாரதிக்கு உயிர் வந்தது. வந்த உயிரோடு கோபமும் வந்தது.

"ஒரு பொண்ணோட மூணு வருஷ உழைப்புங்க இது! பாத்து அடிக்க மாட்டீங்களா? தொழில்ல ஒரு கவனம் வேணாமா? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா அவ வாழ்க்கையே நின்னிருக்கும்!"

இப்ராஹிம் தலையைக் குனிந்து நின்றார். பின்னாலேயே வந்த ரசியா பேகத்தின் முகம் சிவந்துபோயிற்று. மாணவர்கள் பார்த்தார்கள், சிங்கத்தைச் சுற்றியிருந்த மாப்பிள்ளையின் நண்பர்களும் பார்த்தார்கள். இப்ராஹிம் "மன்னிச்சுக்குங்க மேடம்" என்று கையைக் கூப்பியபோது துரைக்கண்ணுவுக்குத் தாங்கவில்லை.

"அவரு இல்ல மேடம். நான்தான். ஏழு வந்துச்சுன்னு மூணை அஞ்சாக்கச் சொன்னது நான்தான். அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நான் கேக்கல."

மாணவர்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஜெயபாரதி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எந்த இலக்கத்தைத் தொட்டாலும் செத்துப்போகும்னு அவ நூறு பக்கத்துல நிரூபிச்சிருக்கா. நீங்க ஒரு ஃப்ளெக்ஸ்லயே செஞ்சு காட்டிட்டீங்க சார்!"

மாணவர்கள் கை தட்டினார்கள். துரைக்கண்ணுவுக்கு அது பாராட்டா பரிகாசமா என்று விளங்கவில்லை. அவர் மனத்தை வேறு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது.

"மேடம், ஒம்போது வர்ற பகா எண்ணே கெடையாதா?"

"கிடையாதுங்க. எவ்வளவு பெரிய எண்ணா இருந்தாலும் ஒம்பது வந்தா பகா எண் இல்ல. ஆறு வந்தாலும் இல்ல. மூணு வந்தா, மூணுங்கற அந்த ஒரே எண்ணைத் தவிர வேற எதுவும் பகா எண் இல்ல."

மூன்று, ஆறு, ஒன்பது! எண் சாஸ்திரத்தில் ராசியான எண்கள் என்று அவர் கொண்டாடிய இந்த மூன்று எண்களையும் இந்தப் பகா எண் கூட்டம் மொத்தமாகத் தள்ளி வைத்திருக்கிறதே! துரைக்கண்ணு பந்தல் காலில் சாய்ந்துவிட்டார். ஜெயபாரதிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"விடுங்க சார். ஆய்வேடு சரியாத்தான் இருக்கு, எனக்கு அது போதும். வானதிகிட்ட நாங்க யாரும் சொல்ல மாட்டோம். நீங்க போய் ஆக வேண்டியதைப் பாருங்க."

இப்ராஹிமும் "மாப்பிள்ளையோட கூட்டாளிப் பசங்களை வெச்சு ஃப்ளெக்ஸை எறக்கிடறேன் அண்ணே. பொண்ணு பின்வாசல் வழியா வந்துச்சு, இன்னும் பாக்கல" என்றார். துரைக்கண்ணுவுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? தப்பித்தாகிவிட்டது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்தார். நடக்க நடக்க அந்தக் கைதான் உறுத்தியது. வானதியின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்த கை அது. அதே கையால் ஒன்றும் தெரியாதவர் மாதிரி அவளைப் பிடித்து அழைத்துப் போவதை நினைத்தால் அவருக்கே அசிங்கமாக இருந்தது. மணமகள் அறைக் கதவைத் தட்டினார்.

வானதிக்கு ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டியிருந்தார்கள். பக்கத்தில் தங்கமணி பூச்சரத்தோடு நின்றாள். துரைக்கண்ணு நிலைப்படியிலேயே நின்று கடகடவென்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"கூட்டி ஏழு வந்துச்சா?" என்று வானதி கேட்டாள்.

"ஆமாம்மா."

"ஒம்போதாக்கிட்டீங்களா?"

"ஆமாம்மா."

"ஒம்பதால வகுபடுமான்னு பாக்கறது அஞ்சாங்கிளாஸ் கணக்கு மாமா."

"இப்பத்தான் சொன்னாங்க."

வானதி மை தீட்டிய கண்ணாலும் தீட்டாத கண்ணாலும் அவரை முறைத்தாள். அழுகிறாளா சிரிப்பை அடக்குகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. "சொன்னது சொன்னதுதான். நீங்க என் கையைப் புடிக்கக் கூடாது" என்றாள்.

"சரிம்மா" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? தங்கமணி அவரைத் திட்டக்கூட இல்லை, அதுதான் இன்னும் வலித்தது. கூட்டத்தைத் தாண்டிப் போய், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவள் பிறந்த நாளிலிருந்து காத்திருந்த ஒன்றை ஒரு மூன்றுக்காகத் தொலைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

முகூர்த்த நேரம் வந்தது. ஐயர் மணவறையிலிருந்து, "பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ! தாய்மாமா எங்க?" என்று குரல் கொடுத்தார். நாதஸ்வரக்காரர் ஊதத் தயாராக வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தாய்மாமாவைக் காணோம். "எங்கப்பா போனாரு?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள்.

மாலையும் கழுத்துமாக வானதி அறையிலிருந்து வெளியே வந்தாள். மணவறைப் பக்கம் திரும்பவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, காலை மடக்கி வழி விட்டவர்களைத் தாண்டி, நேராகத் தூணுக்குப் பின்னால் வந்து நின்றாள். துரைக்கண்ணுவின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"வாங்க மாமா."

"வேணாம்மா. நீதானே சொன்ன, கையைப் புடிக்கக் கூடாதுன்னு..."

"நீங்க புடிக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். நான் புடிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. நடங்க."

சொல்லிவிட்டு இழுத்தாள், முரண்டு பிடிக்கும் கன்றுக்குட்டியை இழுப்பது போல. நாதஸ்வரம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. இது புதுச் சம்பிரதாயம் போலிருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வீடியோக்காரர் குறுக்கே ஓடி வந்து, "சார், மாத்திப் புடிச்சிருக்கீங்க. நீங்கதான் அவங்க கையைப் புடிக்கணும். திரும்பப் போய் முதல்லேர்ந்து வாங்க" என்றார்.

வானதி பிடியை விடவில்லை. துரைக்கண்ணு ஊர் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் அழுதுகொண்டே அவள் பின்னால் போனார்.